பதினேழு நாள் ப்ராக்ஸி

ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி பூங்கோதையம்மா எங்கள் கல்லூரிக்கு வருவார். திருச்செங்கோட்டில் காலையில் பஸ் ஏறி, சேலத்தில் மாறி, ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர்ப் பக்கம் வந்து சேர மதியம் ஆகிவிடும். கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் இருபத்திரண்டாம் நம்பர் வகுப்பறைக்கு நடப்பார். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்ச். அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, பெஞ்சின் பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் வகுப்பு நடந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவோம். கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது.

அவர் மகன் திருமாறன் கடைசியாக இருந்த இடம் அந்த பெஞ்ச். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி பத்தொன்பது, மாலை நாலு பத்து வரைக்கும் அவன் நாடி அந்த அறையில் துடித்ததாகப் பதிவு இருக்கிறது. நாலு பதினொன்றுக்கு இல்லை. அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை. கல்லூரிக் கிணற்றை இறைத்தார்கள், பின்னால் இருந்த கல்குவாரித் தண்ணீரில் ஆள் இறக்கித் தேடினார்கள், பத்திரிகைகள் இரண்டு மாதம் எழுதின. மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் மாணவன் மாயம். அதோடு சரி.

நான் அவனுடைய அறைத்தோழன், கோவர்த்தனன். படித்த கல்லூரியிலேயே வாத்தியாராகவும் சேர்ந்துவிட்டதால், வருஷா வருஷம் அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. "உனக்கு எதுக்கு கண்ணு சிரமம்?" என்பார். டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே, "அவனும் இருந்திருந்தா உன்னாட்டம் தொந்தி போட்டிருப்பான்" என்று என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்.

நானும் சிரிப்பேன். வெட்கங்கெட்டவன்! வேறென்ன சொல்ல? அன்றைக்கு அந்த பெஞ்சில் அவர் மகன் உட்காரவே இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் படித்த காலத்தில்தான் நாடிப்பட்டை வந்தது. கைக்கடிகாரம் மாதிரி ஒரு ரப்பர் பட்டை. ஒவ்வொருத்தர் நாடித்துடிப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு வடிவம் உண்டாம், ஒருத்தருடையது இன்னொருத்தருக்கு வராதாம். வகுப்பறைக் கூரையில் இருக்கும் பெட்டி அந்த வடிவத்தைப் பார்த்துத் தானாக வருகை போட்டுக்கொள்ளும். ஹாஸ்டல் அறையிலும் அதே. பேர் கூப்பிடுவது, 'உள்ளேன் ஐயா' சொல்வது எல்லாம் ஒழிந்தது. "இனிமே எவனும் எவனுக்கும் ப்ராக்ஸி போட முடியாது" என்று முதல்வர் மேடையில் மார்தட்டினார். வராதவனுக்கும் சேர்த்து வருகை சொல்வதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் ப்ராக்ஸி.

அவர் தடுக்கில் பாய்ந்தால் நாங்கள் கோலத்தில் பாய்ந்தோம். ஒரு சவ்வு, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக. அதில் நண்பனின் நாடி வடிவத்தை ஏற்றி, அவன் பட்டைக்கு அடியில் வைத்து நம் கையில் கட்டிக்கொண்டால் போதும். துடிப்பது நம் நாடி. பெட்டிக்குத் தெரிவது அவன் வடிவம். இடது கையில் நாம், வலது கையில் அவன், மேலே முழுக்கைச் சட்டை. ஹாஸ்டல் முழுக்க அந்தச் சவ்வைச் செய்து கொடுத்தவன் நான்தான். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பரீட்சையில் விடை காட்டாதவனைக்கூட மன்னிப்பார்கள். ப்ராக்ஸி போட மறந்தவனை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். எங்கள் சட்டம் அது.

பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணி. திருமாறன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாப்ள, ரெண்டே நாள். போட்டு விட்டுரு."

"எங்கடா போற?"

"வந்து சொல்றேன்."

"பொண்ணா?"

"அட போடா." சிரித்தான். "எழுவத்தஞ்சு பர்சென்ட்ல நூல்ல தொங்கிட்டு இருக்கறேன். ஒரு நாள் விட்டாலும் பரீட்ச எழுத முடியாது, பாத்துக்க."

பிறகு என் அலமாரியைத் திறந்து நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தான். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை. "டேய், அதை வைடா" என்றேன். "ரெண்டு நாள்தானடா" என்று போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்கு மகா எரிச்சல். கடைசியாக அவன் முதுகைப் பார்த்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது என் சட்டையைப் பற்றித்தான்.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. போன் அணைந்து கிடந்தது. ஐந்தாறு நாளானதும் எனக்குப் பயம் பிடித்தது. வார்டனிடம் சொல்லலாம். சொன்னால், 'இத்தனை நாள் வருகை எப்படி விழுந்தது?' என்பார். ப்ராக்ஸியில் பிடிபட்டால் ஒரு வருஷம் வெளியே. சவ்வு செய்தது யார் என்று நோண்டினால் மொத்தமாகவே வெளியே. அதனால் ஒரு நல்ல காரணத்தைத் தேடிப் பிடித்தேன். நாம் நிறுத்திவிட்டு, நாளைக்கே அவன் வந்து நின்றால்? அவன் பரீட்சை போய்விடுமே! அவனுக்காகத்தானே போடுகிறேன்! இப்படிச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு காலையும் வலது கையில் அவனைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

பத்தாம் தேதி மாலை ஏழு இருபதுக்கு அவன் அம்மா என் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, அவன் போனே எடுக்கறதில்லியே?"

"போன் உடைஞ்சிருச்சுங்கம்மா. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கான்."

"பக்கத்துல இருந்தாக் குடு, ஒரு வார்த்த பேசறேன்."

"பக்கத்துலதாங்கம்மா படுத்திருக்கான். தொண்டை கட்டிக்கிச்சு, பேச்சே வரல."

"அய்யோ! சுடுதண்ணில உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொல்லு கண்ணு. நீ நல்லாச் சாப்படறியா?"

சாப்பிடுகிறேன் என்றேன்.

பத்தொன்பதாம் தேதி அவரே முறுக்கு டப்பாவோடு வந்துவிட்டார். நாலு மணி வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் ஜன்னல் வழியே பார்த்தேன். ஹாஸ்டல் வாசலில் நின்று காவலாளியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். வலது கைப் பட்டையைக் கழற்றினேன். சார் முதுகைத் திருப்பிய நேரம் வெளியே நழுவி, சவ்வைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பட்டையை எங்கள் அறையில் அவன் மேஜைமேல் வைத்தேன். நாலு பதினொன்றுக்குத் திருமாறன் மாயமானது அப்படித்தான்.

அந்த வகுப்பை எடுத்தவர் எட்வின் ராஜமணி சார். எங்கள் வார்டனும் அவரே. அவர் ஒருத்தர்தான் போலீஸிடம், "அவன் அன்னைக்கு என் க்ளாஸ்ல இல்ல. பத்துப் பதினஞ்சு நாளாவே அவன் முகத்தப் பாத்த ஞாபகம் எனக்கு இல்ல" என்று சொன்னவர். பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் என் சவ்வு இருந்தது, 'கவனிக்கலை சார்' என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பதிவு வேறு மாதிரிச் சொன்னது. இயந்திரம் பொய் சொல்லாதே! அப்படியானால் வாத்தியார்தான் பொய் சொல்கிறார். முந்தின மாதம் அவர் திருமாறனை வகுப்பில் நிற்க வைத்துத் திட்டியதை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். சாட்சி கிடைக்காமல் வழக்கு நின்றுபோனது, ஆனால் அவர் வேலை போய்விட்டது. பூங்கோதையம்மா அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார். "நீ நல்லாருக்க மாட்டே!" என்று அலறினார். நான் பக்கத்தில் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருஷம் ஜனவரியில் பூங்கோதையம்மா போன் செய்தார். பழைய நாடிப் பதிவுகளை வாசித்து, அந்த நேரத்தில் அந்த ஆள் எந்த மனநிலையில் இருந்தான் என்று சொல்லும் வித்தை வந்திருக்கிறது. காணாமல் போனவர்கள் வீட்டுக்கு அரசாங்கமே செய்து தருகிறது. அவர் மனுப் போட்டு அனுமதியும் வாங்கிவிட்டார். "நீ கூட இரு கண்ணு. அவங்க சொல்றது எனக்கு வெளங்காது."

எனக்கு விளங்கியது.

வாசிக்க வந்தவர் ஷாஹிதா, வாணியம்பாடிக்காரர், முப்பது வயது இருக்கும். கல்லூரிக் கருத்தரங்கு அறையில் திரையை விரித்துவிட்டுப் பூங்கோதையம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓரத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"இது ஜோசியம் இல்லைம்மா" என்றார் ஷாஹிதா. "உங்க பையன் என்ன நினைச்சார்னு என்னால சொல்ல முடியாது. என்ன உணர்ந்தார்னு மட்டும்தான் சொல்ல முடியும். பயந்தா நாடி ஒரு விதமா ஓடும். சிரிச்சா வேற விதம். அந்தக் காலத்து மெஷினுக்கு ஆள் யாருங்கற வடிவம் மட்டும் போதும், ஓட்டத்தை அது கண்டுக்கவே இல்லை. ஆனா சேமிச்சு வச்சிருக்கு. நாங்க அந்த ஓட்டத்தைப் படிக்கிறோம்."

வடிவம் அவனுடையது. ஓட்டம் என்னுடையது.

"பிப்ரவரி மூணு காலைல ஒரு மாற்றம் தெரியுது. வேற ஆள் மாதிரியே இருக்கு. மனசுல ஏதோ பெருசா நடந்திருக்கணும். ஆனா கவலை இல்லை, சந்தோஷமாத்தான் இருக்கார். நாலாம் தேதி ரெண்டாவது பீரியட்ல சிரிக்கிறார் பாருங்க. வாயைப் பொத்திக்கிட்டு அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு."

பூங்கோதையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிச்சிருக்கான்! கேட்டியா கண்ணு, சிரிச்சிருக்கான்!"

அன்றைக்கு எட்வின் சாரின் பேன்ட்டில் பின்பக்கம் சுண்ணாம்புக் கை பதிந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

"எட்டாம் தேதியில இருந்து பயம் ஏறுது. நாளுக்கு நாள் ஏறுது. குறிப்பா ஒரு ஆசிரியர் வகுப்புல மட்டும் ரெண்டு மடங்கு."

"எந்த ஆசிரியர்?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

ஷாஹிதா பட்டியலைப் பார்த்தார். "எட்வின் ராஜமணி."

"இது போதும்மா" என்று இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "அந்த ஆளை நாளைக்கே கூட்டிட்டு வர்றோம்."

எட்வின் சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்புக்குள் வந்ததும் பட்டையை நம்பாமல் கண்ணால் தலைகளை எண்ணுவார். எண்ணி முடிக்கிற வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன்.

ஷாஹிதா திரையை நகர்த்திக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். "பத்தாம் தேதி சாயங்காலம். ஏழு இருபது. ஹாஸ்டல் ரூம். இது பயம் இல்லைம்மா. இது அவமானம். தப்புப் பண்ணிட்டு, நம்மகிட்ட பிரியமாப் பேசறவங்களுக்கு முன்னால கூசிப் போறோமே, அது. எத்தனையோ பேரோடதை நான் படிச்சிருக்கேன், ஜெயில்ல இருக்கறவங்களோடதுகூட. இந்த அளவுக்குப் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் தேதி வரைக்கும் இது இறங்கவே இல்லை."

பூங்கோதையம்மா என் கையை விட்டார். "ஏழு இருவதுங்களா? அது நான் போன் பண்ணுன நேரமுங்க."

"பக்கத்துலதான் படுத்திருக்கான்னு சொன்னியே கண்ணு. அப்ப எங்கொரலக் கேட்டிருக்கான். கேட்டுட்டுத்தான் இப்படிக் கூசியிருக்கான். பெத்தவகிட்டச் சொல்ல முடியாம என்ன பண்ணிட்டான் எம்பையன்? எங்காவது இருப்பான், இருப்பான்னு பதினெட்டு வருசமா நெனச்சுட்டு இருந்தனே. எங்கொரலக் கேட்டுத்தான் போயிட்டானா? நானே அவனுக்கு எமனாயிட்டனா சாமி?" தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார்.

போலீஸ் கிணறு இறைத்தபோது பேசாதவன் நான். ஒரு மனுஷன் வேலை போனபோது பேசாதவன். ஆனால் என் அவமானம் செத்தானா இருக்கிறானா என்று தெரியாத ஒருத்தன் தலையில் ஏறி, அதை அவன் தாய் தன் தலையில் ஏற்றிக்கொண்டதைப் பார்த்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

"அம்மா, அடிச்சுக்காதீங்க. அது அவன் இல்லை. அது என் நாடி."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்தது. சவ்வு, இரண்டு நாள், பதினேழு நாள், தொண்டைக்கட்டு. இன்ஸ்பெக்டர் மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

ஷாஹிதா என்னை நம்பவில்லை. "குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சில பேர் இப்படிச் சொல்றதுண்டு சார். கையை நீட்டுங்க." ஒரு பட்டையை என் வலது மணிக்கட்டில் கட்டினார். "அந்தப் போன் பேச்சை நினைச்சுக்குங்க."

"தனியா நினைக்க வேண்டியதில்லைங்க" என்றேன்.

திரையில் பழைய கோட்டின்மேல் புதுக்கோடு வந்து படிந்தது. ஷாஹிதா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொருந்துது" என்றார் மெதுவாக. "பதினெட்டு வருஷத்துல கொஞ்சம்கூடக் குறையல."

பூங்கோதையம்மா அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எம்பையன் எந்தத் தேதில போனானுங்க?"

"மூணாம் தேதி. காலைல ஆறே முக்காலுக்கு."

"அந்தப் பெஞ்சு?"

"அன்னைக்கு அவன் அங்க உட்காரலைங்கம்மா."

தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்தார். "அந்த வாத்தியாரு வீடு எங்கிருக்குதுங்க? வழி காட்டுங்க சார். அவரு வாசல்ல நான் மண்ண வாரி எறிஞ்சிருக்கறன்."

பதினெட்டு வருஷமாகக் 'கண்ணு' என்றவர் என்னை 'சார்' என்றார்.

எட்வின் சார் லால்குடியில் ஒரு சந்தில் குடியிருந்தார். மெஷின் டிசைன் பாடத்தில் கரை கண்டவர், திண்டாடிப்போய் மிக்ஸியும் கிரைண்டரும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னடே கோவர்த்தனா, இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?" என்றவர், எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துகொண்டார். இன்னும் ஒரு பிடி மண் வருமோ என்று நினைத்திருப்பார். அவர் கண்ணில் தெரிந்த அந்தக் கலக்கத்தையும் நான்தான் செய்து வைத்திருந்தேன்.

பூங்கோதையம்மா வாசலிலேயே குனிந்து அவர் காலைத் தொடப் போனார். "அய்யோ, என்னம்மா இது, எந்திரிங்க!" என்று அவர் பதறிப் பின்வாங்கினார்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் அசிங்கமாக இருந்தது. கேட்கக் கேட்க எட்வின் சார் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, அவன் க்ளாஸ்ல இல்லன்னு! பாத்தியா, எனக்குக் கிறுக்குப் பிடிக்கல. சில நேரம் எனக்கே சந்தேகம் வந்துரும்டே. மெஷினு பொய் சொல்லாதே, அப்ப நாமதான் எதையோ பண்ணிட்டு மறந்துட்டமோன்னு. எம்பொஞ்சாதிகூட ஒரு நாள் கேட்டா, உண்மையச் சொல்லுங்கன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "நீ என்ன தேதி சொன்ன? மூணாந்தேதியா போனான்?"

"ஆமா சார்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டாந்தேதி, சனிக்கிழம. காலைல ஒரு பதினோரு மணி இருக்கும். ஹாஸ்டல் ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில இருந்து ஒரு நர்ஸ். ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்த பையன், இருவது வயசு இருக்கும், நாலு நாளா நெனவில்ல, கையில போனும் இல்ல, யாருன்னே தெரியலன்னா. சட்டைக் காலருக்குள்ள உங்க ஹாஸ்டல் பேரும் ஒரு நம்பரும் மையில எழுதியிருக்கு சார்னா."

எங்கள் ஹாஸ்டலில் சலவைக்குப் போகும் துணிகளில் அழியாத மையால் ஒரு குறி போடுவார்கள். அறை எண், கட்டில் எழுத்து.

"என்ன நம்பர் சார்?" என்றேன்.

"நூத்திப் பதினாலு, பி."

பி என்னுடைய கட்டில். நீலக் கட்டச் சட்டை.

"பி-ன்னா நீ. நீ என் கண்ணு முன்னால நடமாடிட்டு இருக்க. சரி, ரூம் கூட்டாளி உன் சட்டையப் போட்டுட்டுப் போயிருப்பானோன்னு அவனையும் பாத்தேன்டே. அப்படியே விட்டுரல நான். ஸ்க்ரீன்ல நூத்திப் பதினாலு ஏ, வகுப்புல இருக்கான்னு பச்ச விளக்கு. அந்த நர்ஸுப் பிள்ள விடல. இன்னொரு தடவ பாருங்க சார்னா. இன்னொரு தடவையும் பாத்தேன். எங்க பிள்ளைங்க எல்லாரும் இருக்காங்கம்மா, சலவையில சட்ட மாறிப் போயிருக்கும்னு சொல்லி வச்சேன்." கண்ணாடி இல்லாத கண்ணில் நீர் வழிந்தது. "போலீஸ்ட்டயும் சொன்னேன். பத்தொம்பது வர இங்க இருந்தவன் எட்டாந்தேதி அங்க எப்படிக் கெடப்பான், கதைய மாத்துதியான்னு கேட்டான்."

எட்டாம் தேதி பதினோரு மணி. நான் வகுப்பில் இருந்தேன். வலது கையில் அவன் இருந்தான்.

பூங்கோதையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எட்டாந்தேதி உசுரோட இருந்தானுங்களா?"

"இருந்தாம்மா. நெனவில்லாட்டியும் இருந்தான்."

"ஆத்தூரு." அவர் சன்னமாகச் சொன்னார். "வருசா வருசம் அந்த ஊரு வழியாத்தான பஸ்ஸு வருது. அங்க பத்து நிமிசம் நிக்கும். எறங்கி மூஞ்சி கழுவுவேன்."

எட்வின் சார் அவருக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டை ஷாஹிதாதான் தேடி எடுத்துக் கொடுத்தார். அனுமதி, பிப்ரவரி நாலு. ஆண், வயது சுமார் இருபது. பெயர் எழுதும் கட்டத்தில், வேறு எதுவும் தெரியாததால், '114-பி' என்று எழுதியிருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் அந்த நர்ஸின் அழகான கையெழுத்து: 'கல்லூரியில் விசாரிக்கப்பட்டது. மாணவர் அனைவரும் உள்ளனர்.' கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. செத்தானா, எழுந்து நடந்து போனானா, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களா, எவரும் எழுதவில்லை. அது தெரிந்தவர்கள் இப்போது உயிரோடும் இல்லை. அவன் எங்கே போகக் கிளம்பினான் என்பதும் இன்று வரை தெரியாது. ஆத்தூர் அவன் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. எட்வின் சாருக்குக் கல்லூரி ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பியதாம், அவர் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் பூங்கோதையம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

இந்தப் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி அவர் கல்லூரிக்கு வரவில்லை. நாலு நாள் கழித்து, ஒரு மத்தியானம், என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கையில் ஒரு துணிக்கடைப் பை.

"உள்ள வாங்கம்மா. டீ போடச் சொல்றேன்."

"டீ வேண்டாமுங்க." நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தச் சட்டைய எடுக்கறப்ப, எம்பையன் உங்களக் கேட்டுட்டுத்தான் எடுத்தானுங்களா?"

கேட்டான் என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நான் வேண்டாம்னு சொன்னேங்கம்மா. போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

அவர் தலையை ஆட்டினார். அவர் முகம் சுருங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றிப் புகார் கேட்கிற அம்மாவின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அடுத்தவங்க பொருளத் தொடக்கூடாதுன்னு சொல்லித்தானுங்க வளத்தேன். வேண்டாம்னு சொன்னப்பறமும் எடுத்தது தப்புத்தான். அவன் வந்து கேக்க முடியாது. அவனுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க." பையை நிலைப்படிமேல் வைத்தார். இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பையில் ஒரு புதுச் சட்டை இருந்தது. நீலக் கட்டம். எத்தனை கடை ஏறி இறங்கினாரோ, அதே நீலம். நானும் அவனும் ஒரே அளவு என்பது அவருக்குத் தெரியும், அந்த அளவுக்குத்தான் எடுத்திருந்தார். இருபது வயதுப் பையனுக்கான சட்டை. போட்டுப் பார்த்தேன். கையே நுழையவில்லை.